முதுகுக்குக் கை கொடுப்பவர்கள்

ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் உள்ள வீடுகளில் இந்தச் சத்தம் இப்போது தினமும் கேட்கிறது. மேஜையில் ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். இன்னொருவர் அவர் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, மூச்சை விடச் சொல்லி, ஒரே அழுத்து. முதுகு முழுக்கச் சடசடவென்று நெட்டி முறியும். படுத்திருந்தவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்து வருஷத்து வலி போய்விட்டது என்பார். சென்னை, கோயம்புத்தூர் என்று நம் பக்கமும் இந்த கைரோபிராக்டிக் கிளினிக்குகள் வந்துவிட்டன. என் தோழிகளில் பாதிப் பேர் ‘போகலாமாடி?’ என்று கேட்டாயிற்று.

போகலாம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வைத்தியத்தில் கை இருக்கிறது, கதையும் இருக்கிறது. இடுப்பு வலிக்குக் கை செய்கிற உதவி நிஜம். ஆராய்ச்சிகளிலும் அது தெரிகிறது. கூடவே ஒட்டிக்கொண்டு வருகிற கதையை நம்பிவிட்டால்தான் பணம் போகும், வேளை தப்பும், எப்போதோ ஒருமுறை உயிருக்கே வினையாகும். நம்ம ஊர் சுளுக்கு வழிக்கிறவர், வர்ம ஆசான், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பேசுகிறேன்.

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிற டாவன்போர்ட் நகரத்தில். டேனியல் டேவிட் பாமர் என்பவர் அங்கே காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1845இல் கனடாவில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை என்று பலதும் பார்த்துவிட்டு வைத்தியத்துக்கு வந்தவர். அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட். அவருக்கு 17 வருஷமாகச் செவி மந்தம். ஒருநாள் குனிந்து வேலை செய்தபோது முதுகில் என்னவோ நகர்ந்த மாதிரி இருந்தது, அன்றிலிருந்து காது கேட்கவில்லை என்று அவர் சொல்ல, பாமர் முதுகைத் தடவிப் பார்த்து, துருத்திக்கொண்டிருந்த இடத்தைக் கையால் அழுத்தினாராம். காது கேட்கத் தொடங்கிவிட்டதாம். தேதி 1895 செப்டம்பர் 18. கைரோபிராக்டர்கள் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

லில்லார்டின் மகள் பிற்பாடு சொன்னது வேறு. அப்பா யாருடனோ வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தார், அதைக் கேட்டு ரசித்த பாமர் கையிலிருந்த புத்தகத்தால் முதுகில் ஒரு தட்டு தட்டினார், சில நாள் கழித்து அப்பா காது பரவாயில்லை என்றார் என்பது மகளின் பேச்சு. எது நடந்திருந்தாலும் சரி, கேட்கும் நரம்பு உள்காதிலிருந்து கிளம்பி மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. முதுகெலும்புப் பக்கம் அது வருவதே இல்லை.

ஆனால் பாமர் அந்த ஒரு சம்பவத்தின் மேல் ஒரு மாளிகையே கட்டினார். நோய்களில் நூற்றுக்கு 95 முதுகெலும்பு இடம் பிசகுவதால் வருகிறது, மிச்சம் 5 மற்ற மூட்டுகள் பிசகுவதால் வருகிறது என்று எழுதினார். 1897இல் பள்ளி தொடங்கினார். உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்காக 1906இல் சிறைக்கும் போனார். அவர் மகன் பி. ஜே. பாமர் பள்ளியைக் கையில் எடுத்து, எக்ஸ்ரே, வானொலி நிலையம் என்று அந்தக் காலத்துப் புது வசதிகள் எல்லாவற்றையும் பயன்படுத்தி இந்த வைத்தியத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

ஜனங்கள் ஏன் போனார்கள் என்று யோசித்தால் எனக்கு அவர்கள் மேல் பரிவுதான் வருகிறது. அந்தக் காலத்து டாக்டர் பையில் பாதரச உப்பான காலோமெல் இருந்தது, அபின் கரைசல் இருந்தது. ஆன்டிபயாட்டிக் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆகும். ஒருவர் மருந்தே கொடுக்காமல், உட்காரவைத்துப் பேசி, முதுகைத் தொட்டுப் பார்த்து அனுப்பினால் அது பல பேருக்கு உண்மையிலேயே பாதுகாப்பான வைத்தியமாக இருந்திருக்கும்.

உரிமம் கொடுக்க முதலில் முன்வந்த மாநிலம் கன்சாஸ், 1913இல். கடைசி மாநிலமான லூசியானா 1974 வரை இழுத்தது. நடுவே அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தன் டாக்டர்களைத் தடுத்தது. செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் அவர் கூட்டாளிகளும் 1976இல் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி சூசன் கெட்சென்டானர், சங்கம் செய்தது சட்டவிரோதமான புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார். இதைச் சிலர் கைரோபிராக்டிக் அறிவியல் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது என்கிற மாதிரி எடுத்துக்காட்டுகிறார்கள். வழக்கு தொழில் போட்டிச் சட்டத்தின் கீழ் நடந்தது. நோய் தீருமா தீராதா என்று அந்தத் தீர்ப்பு சான்று கொடுக்கவில்லை.

ஆரம்பத்திலிருந்தே இவர்களுக்குள் இரண்டு கூட்டம். பாமர் சொன்ன வேதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, எல்லா நோய்க்கும் முதுகெலும்பைச் சரிசெய்தால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம். உடற்பயிற்சி, ஒத்தடம், நவீனப் பரிசோதனை எல்லாம் சேர்த்துக்கொண்டு மூட்டு, தசை வலியோடு நிறுத்திக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு வகையையும் டெக்ஸாஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது நேரில் பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கார் சீட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் ‘அம்மா’ என்று கத்துவாள்.

முதலில் போன இடத்தில் சுவர் முழுக்க ஒரு படம். முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி நுரையீரல், ஈரல், கர்ப்பப்பை, காது என்று போய் முடியும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே எக்ஸ்ரே எடுத்து, கழுத்து வளைவு போய்விட்டது, இப்படியே விட்டால் நரம்பு செத்துவிடும் என்றார்கள். ஒரு வருஷத்துக்கு வாரம் மூன்று முறை வரவேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, கைக்குழந்தையையும் கொண்டுவந்தால் காது வலியே வராது என்று அச்சடித்த தாளை நீட்டினார்கள். இடுப்பு வலி என்று வந்தவளின் காலை ஒருவரும் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பிள்ளை பெற்ற உடம்போடு பயந்துபோய் இருக்கிற ஒரு பெண்ணிடம், உன் நரம்பு செத்துவிடும் என்று சொல்லலாமா?

இரண்டாவதாகப் போனது ஒரு அம்மையார் நடத்திய சின்ன கிளினிக். முக்கால்வாசி நேரம் கேள்வியிலேயே போனது. எப்போது வலிக்கிறது, ராத்திரி வலி எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றமா, கால் மரத்துப் போகிறதா, பிரசவத்தில் ஊசி போட்டார்களா. பிறகு சின்ன சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்த்தார். குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்கச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மேஜை. அந்த மேஜை துண்டு துண்டாக இருக்கும், முகம் வைக்கிற இடத்தில் காகிதம் விரித்திருக்கும். இடுப்பு இருக்கிற துண்டை ஒரு விரற்கடை உயர்த்திவிட்டு அவர் அழுத்தியதும், அது ‘தடக்’கென்று கீழே இறங்கும். பாதி வேகத்தை மேஜையே வாங்கிக்கொள்ளும். கழுத்துப் பக்கம் போகவே இல்லை. கடைசியில் இரண்டு பயிற்சி சொல்லிக்கொடுத்து, பிள்ளையை எப்படி நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்குவது என்று ஒரு பொம்மையை வைத்துக் காட்டினார். ‘நாலைந்து தடவை வாருங்கள், குறையவில்லை என்றால் என்னிடம் வராதீர்கள், டாக்டரைப் பாருங்கள்’ என்றார். தங்கைக்குக் குறைந்தது. அந்த அழுத்தத்தால் குறைந்ததா, தூக்குகிற விதம் மாறியதால் குறைந்ததா, நாள் போகப்போகத் தானாகவே ஆறியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றும் சேர்ந்திருக்கும்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். மூட்டுக்குள் வழுவழுப்பான ஒரு திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு முகங்களும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக் குழி ஒன்று உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் நெட்டி முறிவதை எம்ஆர்ஐ கருவிக்குள்ளேயே படம் பிடித்து 2015இல் இதைக் காட்டினார்கள். ஒருமுறை முறித்த விரல் உடனே மறுபடி முறியாமல் சுமார் இருபது நிமிஷம் போக்குக் காட்டுவதும் இந்த வாயு விவகாரத்தால்தான். அமெரிக்க டாக்டர் டொனால்டு அங்கர் ஒரு கை விரல்களை மட்டும் அறுபது வருஷத்துக்கு மேல் தினமும் நெட்டி முறித்து, இன்னொரு கையை விட்டுவைத்து, இரண்டிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டினார். அதற்காக 2009இல் இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆக, சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணமில்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது.

சரி, கை உதவுகிறது என்றேனே, எவ்வளவு? பிரிட்டனில் 1,334 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளியானது. முதுகைக் கையால் அசைத்துக் கொடுக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு, வழக்கமான டாக்டர் கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் ஓரளவு தேவலாம் என்றிருந்தது. வருஷம் திரும்பும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, உடற்பயிற்சி மாதிரி மற்ற நல்ல சிகிச்சைகள் எவ்வளவு பலன் தருமோ அதே அளவுதான் இதுவும் என்றது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீரென்று வருகிற இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் சூடு, மசாஜ், அக்குபங்சர், முதுகை அசைக்கும் சிகிச்சை ஆகியவற்றைப் பாருங்கள் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2023 வழிகாட்டுதலில் நாள்பட்ட வலிக்கான வழிகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. இவ்வளவும் இடுப்பு வலிக்கு. ஆஸ்துமா, காது வலி, சர்க்கரை, குழந்தையின்மை என்று யாராவது பட்டியல் வாசித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நம் பக்கத்துக் கைகளுக்கு வருகிறேன். நான் நாகர்கோவில்காரி. வீட்டுக்கு வீடு ஒரு ஆசான் கதை இருக்கிற ஊர். வர்மத்தில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 என்பது சிறுவயதிலேயே காதில் விழுந்த கணக்கு. அப்பா தேங்காய் மட்டையில் வழுக்கி விழுந்து தோளைத் தூக்க முடியாமல் தவித்தபோது ஆசானிடம்தான் கூட்டிப்போனோம். எண்ணெய் மணக்கிற திண்ணை. ஆசான் அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, அப்பா தானாக எவ்வளவு தூக்குகிறார் என்று பார்த்தார். தோள்பட்டை எலும்பை இரண்டு விரலால் மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் அப்பா முகம் சுளித்ததும் கையை எடுத்துவிட்டார். ‘மக்ளே, இதுல நான் கை வைக்கக் கூடாது. எலும்பு பிளந்திருக்கும் போலத் தோணுது. பெரியாஸ்பத்திரிக்குப் போயி படம் எடுங்க. கட்டு பிரிச்ச பொறவு வாங்க, எண்ணெ போட்டுத் தடவித் தாரேன்’ என்றார். படத்தில் விரிசல் இருந்தது. கட்டு பிரித்த பிறகு மரத்துப்போய்க் கிடந்த தோளுக்கு அவருடைய எண்ணெயும் தடவலும் எவ்வளவு இதமாக இருந்தது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று ஒரு சிகிச்சையே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பட்டியலைப் படித்தாலே தெரியும், உலகத்தில் எந்த ஊர்க் கைவைத்தியமும் செய்கிற வேலைகள் இவைதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் படித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். கைவைத்தியம்தான் வேண்டும் என்கிறவர்கள் அங்கே போகலாம் என்பது என் யோசனை. பரிசோதனை செய்து பார்த்துவிட்டுத் தொடுவார்கள். கைரோபிராக்டிக்குக்கு நம் நாட்டில் தனி கவுன்சில் கிடையாது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு மேல் நாலு வருஷம் படித்துத் தேர்வு எழுதி உரிமம் வாங்குகிறார்கள். இங்கே பலகையில் அந்தப் பெயரைப் பார்த்தால், எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நம் பக்கத்திலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு போகும், நரம்பு மேல் நரம்பு ஏறிக்கொண்டது, வாயு முதுகில் போய் அடைத்துக்கொண்டது. பச்சைப்பிள்ளை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டி எடுப்பார்கள். பெரியவர்கள் சுளுக்குக்குத் தடவுவதில் கெடுதல் ஒன்றும் பெரிதாக இல்லை, தடவியவுடன் இதமாகவும் இருக்கும். பிள்ளையை உருட்டுவதை மட்டும் யார் வீட்டில் பார்த்தாலும் நான் தடுத்துவிடுகிறேன். அந்தக் கழுத்துக்குத் தலையைத் தாங்கவே பலமில்லை.

திடீரென்று பிடித்துக்கொள்கிற இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். அந்த வாரங்களில் நாம் நாலு இடம் போவோம், நாலு பேர் கை வைப்பார்கள், வலி இறங்குகிற நேரத்தில் கை வைத்தவருக்குப் பெயர் போய்ச் சேரும். இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பயம் விலகும்.

மிச்சப் பாதிப் பயத்தை ஸ்கேன் ரிப்போர்ட் கொடுக்கிறது. என் அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்து, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றையிலிருந்து அம்மா குனிவதை விட்டார், தரையில் உட்காருவதை விட்டார், பூப்பறிக்கக்கூட எக்குவதில்லை. ‘என் எலும்பு தேஞ்சு போச்சு’ என்பதே பேச்சு. வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களைத் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. முதுகு வலி என்றால் என்னவென்றே தெரியாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதிலேயே 30 சதவீதம், 80இல் 84. தலைமுடி நரைக்கிற மாதிரிதான் இது. இந்த எண்களை ஒரு தாளில் பெரிதாக எழுதி அம்மாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, ‘அப்ப எல்லாருக்கும் இருக்கா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் கோலம் போடக் குனிந்தார்.

அம்மாவை நடக்கவைத்தது சிட்னி மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் ஆய்வு. 2024இல் லான்செட்டில் வெளியானது. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு நடைப் பயிற்சியும் கொஞ்சம் விளக்கமும் கொடுத்தார்கள், மற்றவர்களை அப்படியே விட்டார்கள். மெதுவாக ஆரம்பித்து, ஆறு மாதத்துக்குள் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று கொண்டுவருவதுதான் இலக்கு. நடந்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு நடுமதிப்பாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112. மருந்து இல்லை, கருவி இல்லை. உலகத்தில் 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தனை பேருக்கும் மேஜையும் ஆளும் கிடைக்கப் போவதில்லை. தெருவும் மொட்டை மாடியும் கிடைக்கும். அம்மா மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடப்பார். முதலில் ஒரு சுற்று, இரண்டு சுற்று. சாயங்கால வெயில் தணிந்ததும் பக்கத்து மாடி அக்காவோடு பேசிக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது.

வீட்டில் செய்கிற மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். வலி புதிதாகப் பிடித்த நாட்களில் வாணலியில் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், அல்லது நொச்சி இலையை வதக்கி ஒத்தடம். ஆராய்ச்சியில் சூடு என்று சொல்வது இதைத்தான், சுடுதண்ணீர் பை இருந்தால் அதுவே போதும். கை பொறுக்கிற சூடா என்று பார்த்துவிட்டு வையுங்கள், சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குத் தோல் வெந்ததே தெரியாது. படுக்கையிலேயே கிடக்க வேண்டாம், வலி விடுகிற அளவுக்கு எழுந்து நடமாடுங்கள். இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டே திரிவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. முதுகு வலித்தால் வெறும் பலகையில் படு என்பார்கள் பெரியவர்கள். ஸ்பெயினில் 313 பேருக்கு மெத்தையை மாற்றிக்கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்திருந்தது. நம் வீட்டுப் பஞ்சு மெத்தை அடித்துப்போட்டு நன்றாக இருந்தால் அதிலேயே படுக்கலாம்.

மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் வருகிற பொடியும் உருண்டையும் வேண்டவே வேண்டாம். ரெண்டே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த ‘மூலிகை’ மருந்துகள் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உள்ளேயே வலுவிழக்கும்.

கழுத்துக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதக்காரி. மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகிற முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் கழுத்து எலும்புகளின் பக்கவாட்டில் இருக்கிற ஓட்டைகள் வழியாகவே மேலே ஏறுகின்றன. உச்சியில் முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. தலையை வேகமாகத் திருப்பினால் அந்த வளைவில் இழுபடும். எப்போதாவது உள்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதமாக முடியும். அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் இதைப் பற்றி எச்சரித்து எழுதியது. கிழிசல் முன்பே ஆரம்பித்து, அந்தக் கழுத்து வலிக்காகவே கைரோபிராக்டரிடம் போனவர்களும் இதில் இருக்கலாம், எது முந்தியது என்று சொல்வது கடினம் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்தைத் திருகாமலேயே ஒத்தடம், மெதுவான அசைவு, தோள்பட்டைப் பயிற்சி என்று செய்து சரியாகிற வலிக்கு, அபூர்வமான பக்கவாதத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? என் வீட்டு ஆண்களுக்கு இது சட்டம். சலூனில் உட்கார்ந்ததும் ‘அண்ணே, கழுத்து மட்டும் திருப்ப வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்கள். பார்லருக்குப் போகிற பெண்களுக்கும் ஒன்று. தலை அலச பேசின் விளிம்பில் கழுத்தை ரொம்ப நேரம் பின்னால் மடக்கிப் படுத்திருந்ததால் பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993இல் மைக்கேல் வெயின்ட்ராப் என்ற நரம்பியல் மருத்துவர் எழுதினார். கழுத்துக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.

யார் கையும் படக் கூடாத முதுகு வலி ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. எனக்கு ரவிக்கை தைக்கிற அக்காவுக்கு நடுமுதுகில் வலி. தையல் மெஷினில் குனிந்து குனிந்து வந்தது என்று எல்லோரும் நினைத்தோம். பல இடங்களில் தடவிக்கொண்டார், ஓரிடத்தில் முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தும்விட்டார்கள். சாயங்காலமானால் உடம்பு காயும், புடவைக் கொசுவம் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் முதுகெலும்புக் காசநோய் என்று கண்டுபிடித்தார்கள். காசநோய் அரித்த எலும்பை அப்படி அழுத்தினால் நொறுங்கி, கால் விளங்காமலே போயிருக்கும். மாத்திரை இலவசம், ஒரு வருஷத்துக்கும் மேலாக விடாமல் சாப்பிட்டார். இப்போது தீபாவளி நேரத்தில் அவரிடம் துணி கொடுக்க ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அதனால் முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் இளைப்பு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவர், கீழே விழுந்தவர், எலும்பு மெலிந்த வயதான பெண்கள், ரொம்ப நாளாக ஸ்டீராய்டு எடுப்பவர் என்று இருந்தால் முதலில் டாக்டர். எண்ணெய்க் கை, கைரோபிராக்டர் எல்லாம் அதற்கு அப்புறம். உட்காருகிற இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, கால் பலமிழந்து மடங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கீழ்முதுகு நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம், சில மணி நேரம் தாமதமானாலும் இழந்தது திரும்பாமல் போகலாம்.

இதெல்லாம் இல்லாத சாதாரண வலிக்குப் பணம் கட்டித்தான் கை வைத்தியம் வேண்டும் என்றும் இல்லை. அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அப்படி ஒரு பெண் வந்துபோகிறார். பாட்டியைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, கைகொடுத்து எழுப்பி, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி, பேரனிடம் அதையே செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். உங்கள் தெருவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார்கள்.